விளக்குக்குக் காத்திருந்த நெஞ்சுகள்

சிப்பித்துறையில் மூன்று வருடமாக ஒரு திருட்டு இல்லை, அடிதடி இல்லை. காவல் நிலையத்தில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் ரோசிட்டா கொரைரா கண்டுபிடித்த நெஞ்சுமானியின் புண்ணியம். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் அவள் பேராயருக்கு அனுப்பவேண்டிய அறிக்கையைத் துள்ளிக் குதிக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நன்மையைச் செய், தீமையை விலக்கு என்ற சட்டத்தைக் கடவுள் எல்லார் நெஞ்சிலும் எழுதியிருக்கிறார் என்று குருமடத்தில் பதினோரு வருடம் பாடம் நடத்தியவள் அவள். சொன்னால் யார் நம்பினார்கள்? அதனால் அளந்தே காட்டிவிட்டாள். எண்ணம் எழுவதற்கு அரை நொடி முன்பே அந்தச் சட்டம் உள்ளே அசைகிறது. ஊரார் ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிய பட்டை அந்த அசைவைப் பிடித்து, படகிலோ மேசையிலோ பக்கத்தில் இருக்கும் விளக்குக்கு அனுப்பும். நன்மை என்றால் பச்சை, தீமை என்றால் சிவப்பு. விளக்குக்குச் சொந்தப் புத்தி கிடையாது. நெஞ்சில் இருப்பதைத்தான் அது காட்டும். பதினாலாயிரம் பேரை அளந்தாயிற்று, ஒரு நெஞ்சுகூட மாற்றிச் சொல்லவில்லை!

"யக்கா! ஒங்க தம்பி கடல்ல விழுந்துட்டான்!"

வானொலியில் படகோட்டி தொபியாஸ் அலறினார். ரோசிட்டா படகின் கேமராத் திரையைப் பார்த்தாள். தம்பி இன்னாசியின் காலில் வலை சுற்றியிருந்தது. தலை ஒருமுறை மேலே வந்து மறுபடி அமிழ்ந்தது. படகின் விளிம்பில் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் மீனாக நீந்துகிறவர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இன்னாசியை அல்ல, விளக்கை.

"குதிங்கடே! என்னத்தப் பாத்துட்டு நிக்கிய?"

"லைட்டு வரலையேக்கா! குதிச்சவனும் வலையில மாட்டிக்கிட்டா? செய்யலாமா வேண்டாமான்னு லைட்டு சொல்லட்டும்" என்றார் தொபியாஸ்.

பக்கத்திலிருந்த அளவுத்திரையில் நான்கு நெஞ்சுகளும் நான்கு நேர்கோடுகளாகக் கிடந்தன. கருவியில் ஒரு பழுதும் இல்லை. கடலில் விழுந்தவனை விட்டுவிட்டு வரக்கூடாது என்பதை இந்தக் கரையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அந்த நெஞ்சுகள் இப்போது விளக்கு சொல்லட்டும் என்று வாய்மூடிக் கிடக்கின்றன. விளக்கோ நெஞ்சு சொல்லட்டும் என்று காத்திருக்கிறது.

உயிர் காக்கக்கூடப் பொய் சொல்லலாகாது, உண்மையைச் சொல்லத்தான் பேச்சு தரப்பட்டிருக்கிறது என்று மாணவர்களைப் பாடாய்ப் படுத்தியவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"பச்சை எரிஞ்சாச்சுடே! ஒங்க விளக்குலதான் கோளாறு, இங்க திரையில தெரியுது!"

அவளுடைய கழுத்துப்பட்டைக்கான மேசைவிளக்கு பளிச்சென்று சிவந்தது. அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னும் உரக்கக் கத்தினாள்.

"பச்சைதான்! குதிங்க!"

நான்கு பேரும் குதித்தார்கள். அவர்கள் கால் படகைவிட்டு எழும்பிய பிறகுதான் படகின் விளக்கு நிஜமாகவே பச்சையாக எரிந்தது. கத்தி வலையை அறுத்தது. இன்னாசி இருமிக்கொண்டே மேலே வந்தான். ரோசிட்டா அழுதாள், சிரித்தாள், ஒலிவாங்கிக்கு முத்தம் கொடுத்தாள்.

சாயங்காலம் தொபியாஸ் கைநீளச் சீலா மீனோடு வந்தார். பின்னால் ஊரே வந்தது. ரோசிட்டா மறைக்கவில்லை.

"நான் சொன்னது பொய், தொபியாஸ். அப்போ பச்சை எரியவே இல்ல. எல்லாரும் பட்டையக் கழட்டிப் போடுங்க. இனிமே விளக்கு வேண்டாம்."

தொபியாஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ லைட்டுக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!"

ஊர் ஆரவாரித்தது. பட்டைகள் கூடை கூடையாக வந்து விழுந்தன. அவள் மனம் நிறைந்துபோனது. மனிதர்களை மனிதர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை நாற்பது படகுகள் கடலுக்குப் போயின. ஏழு மணிக்கு வானொலி கூப்பிட்டது.

"யக்கா, தொபியாஸ் பேசுறேன். பக்கத்து ஊர்க்காரன் வலை அறுந்து வந்து கிடக்கு. உள்ள நல்ல மீனு. எடுக்கலாமா?"

மற்ற முப்பத்தொன்பது படகுகளும் அதே அலைவரிசையில் ஆளுக்கொரு கேள்வியோடு அடுத்தடுத்து அழைக்கத் தொடங்கியிருந்தன.

"ஒம்ம நெஞ்சு என்ன சொல்லுது தொபியாஸ்?"



"அதத்தான்க்கா ஒங்ககிட்ட கேக்கேன்."