சீறாத கரி

கரி சீறவில்லை.

தொட்டிக்குள் நின்றிருந்த அவன் குழாயைத் திருப்பி இன்னொரு முறை தண்ணீரைப் பீய்ச்சினான். புதுக் கரியில் முதல் தண்ணீர் பட்டால், அதன் நுண்ணிய துளைகளில் இருக்கும் காற்றெல்லாம் வெளியேறி, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நீர் தெளித்ததுபோல் சீறும். பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. இன்றோ மேலிருந்து கொட்டிய அத்தனை மூட்டைக் கரியும் தண்ணீரை வாங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை. ஆற்றில் கரைந்து வரும் பூச்சிமருந்தையும் சாயத்தையும் மணல் தடுக்காது, இந்தக் கரிதான் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துப் பிடித்து வயிறு முட்டிப்போன கரியின் வாடை, மருந்தும் அழுகலும் கலந்த ஒரு தித்திப்பு வாடை, காலடி இருட்டிலிருந்து மெல்ல எழுந்து முகமூடிக்குள் புகுந்து நாக்கில் உட்கார்ந்தது.

"மச்சான், இது புதுசு இல்ல. போன வருஷம் நாம வாரி வெளிய போட்டதே."

மேலே வட்டத் துவாரத்தின் மதிய வெளிச்சத்தில் மனைவியின் அண்ணன் தலை தெரிந்தது. இந்தக் குடிநீர் சுத்திகரிப்பு ஆலையில் அவனைச் சேர்த்துவிட்டவர். அவன் உள்ளே இறங்கினால் மேலே காவல் இருப்பவரும் அவர்தான்.

"உள்ள என்ன உன் மாமியாரா உக்காந்திருக்கா, இப்படி நடுங்குற? பரப்பி விட்டுட்டு ஏறு."

"மூட்டைதான் புதுசு, நீங்க கையெழுத்துப் போட்டு எடுத்தது. இந்தத் தண்ணியத்தான் ஊரே குடிக்குது மச்சான். நான் ஆபீஸ்ல சொல்லத்தான் போறேன்."

மச்சான் தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க தங்கச்சியும் இதத்தான் குடிக்கிறா. வயித்துப் புள்ளையோட."

"அவளுக்கு நான் கேன் தண்ணி போட்டுக்கிட்டுதான் இருக்கேன். உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவனுடைய பாட்டிலைக் குழாயில் பிடித்துக் கொடுப்பவள் அவள்தான். நிரம்பும்வரை அவன் முகத்தைப் பார்க்காமல் நிற்பாள். அசதி என்று நினைத்திருந்தான்.

ஈரக் கரி மூச்சுக்காற்றையும் தின்னும். அதற்காகத்தான் துவாரத்தின் ஓரத்தில், காற்றை உள்ளே ஊதும் காற்றாடி ஓடும்.

காற்றாடி நின்றது.

கரண்டு போயிருக்கும்.

அவன் இறங்கி வந்த ஏணி அசைந்தது. மேலே போனது.

"மச்சான்."

கரிக்குவியலில் ஏறினான். முழங்கால்வரை புதைந்தது. மூச்சு பாதியில் நின்றது. எம்பினான். ஒரு கை மட்டும் துவாரத்தின் விளிம்பைப் பற்றியது.

மச்சான் குனிந்தார். தூக்கிவிடத்தான். வேறெதற்கு?

மச்சானின் கை வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கிப்போன குழந்தையின் பிடியை விடுவிப்பதுபோல், நோகாமல், அவசரமில்லாமல், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. கடைசி விரலை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தது.