பத்தாயிரமாவது ஆள்

சிஹோ வீடு வந்து சேர்ந்தபோது காலை ஆறரை. ஜனவரிப் பனி நாகஓகா ஊரையே மூடிக் கிடந்தது. பழைய மர வீட்டின் மாடியில் ஒற்றை அறை. காலணியைக் கழற்றக் குனிந்தபோதே இடுப்பு விட்டுப்போயிற்று. உணவுப் பெட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு பெட்டிச் சோற்றின் நடுவிலும் ஒரு உமே பழ ஊறுகாய் வைப்பது அவள் வேலை. ஒன்பது மணி நேரம் இதேதான். என்ன பிழைப்போ! எத்தனை முறை கழுவினாலும் கையைவிட்டு அந்தப் புளிப்பு வாடை போவதில்லை.

பேசாமல் படுத்திருக்கலாம். மெத்தை சுவர் அலமாரிக்குள் மடித்துத்தான் கிடந்தது. அவளோ கணினியைப் போட்டாள். இணைப்பு மலிவாகக் கிடைப்பது காலை எட்டு வரைதான். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது.

அந்த இடம் அவளுக்குக் கிடைத்ததே தற்செயல். பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். யாரோ ஓர் இரவுக் காவலாளியின் பக்கம் வந்தது. அடியில் ‘அடுத்த வீடு’ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் ஒரு நர்ஸின் பக்கம். அதிலும் ‘அடுத்த வீடு’. இரவில் உழைத்துப் பகலில் தூக்கம் பிடிக்காதவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட வளையம் அது. பதினோராவது வீடு மினோமுஷி என்ற பெயரில் எழுதும் ஒருத்தியுடையது. அவள் நிஜப் பெயர், ஊர், வயது எதுவும் யாருக்கும் தெரியாது. பென்சிலில் படம் வரைவாள். அவள் பதிவேட்டில் ஏழெட்டுப் பேர் தினமும் வந்து எழுதுவார்கள். யார் வந்தாலும் அவள் பதில் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “களைச்சு வந்திருப்பீங்க.”

சிஹோ அங்கே அந்த ஊறுகாயின் பெயரிலேயே, ‘உமே’ என்று எழுதினாள். அவளை அப்படி விசாரிக்க இந்த உலகத்தில் வேறு நாதியில்லை.

பக்கத்தின் அடியில் வருகை எண் ஓடும். ஆயிரம், இரண்டாயிரம் என்று முழு எண் விழும்போது பக்கத்தைத் திறந்தவர், அதாவது அந்த எண்ணை ‘மிதித்தவர்’, பதிவேட்டில் சொல்லியாக வேண்டும். மினோமுஷி அவருக்கென்று ஒரு படம் தருவாள். மிதித்துவிட்டுச் சொல்லாமல் ஓடுவதைவிட மானக்கேடு அந்த வளையத்தில் கிடையாது.

ஜனவரி பதினெட்டு அன்று சிஹோ 10000-ஐ மிதித்தாள்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஒரே ஒரு நொடி கண்ணை மூடினாள். விழித்தபோது மணி பதினொன்று, இணைப்பு அறுந்திருந்தது.

மறுநாள் பதிவேடு கொதித்துக்கொண்டிருந்தது. “மிதிச்சுட்டு ஓடின மகராசன் யாரு? வெட்கமா இல்ல?” என்று காவலாளி எழுதியிருந்தார். அதன் கீழே மினோமுஷி: “படம் வரைஞ்சு வெச்சிருக்கேன். வந்து வாங்கிட்டீங்கன்னா நான் தூங்கலாம்.”

இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே சிஹோவுக்குப் பத்து நாள் போயிற்று. தினமும் காலையில் மினோமுஷியின் பெயரில் ஒரே வரி.

“இன்னும் காத்திருக்கேன்.”

பதினோராம் நாள் புதிய பெயரில் ஒரு குறிப்பு இருந்தது. “மினோமுஷிங்கிற பேர்ல எழுதினது என் தங்கச்சி. மாசக்கணக்கா தூக்கமில்லாமக் கிடந்து, பதினாறாம் தேதி காலமாயிட்டா. அவ கம்ப்யூட்டரை அன்னைக்கே பெட்டியில கட்டி வெச்சுட்டோம். அவ பேர்ல எழுதறது யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.”

அந்தக் குறிப்புக்கும் கீழே, அன்று காலை ஆறு மணிக்கு எழுதிய ஒரு வரி.

“இன்னும் காத்திருக்கேன்.”

அன்றிரவு பட்டையில் பக்கத்தில் நின்ற தபுச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஐம்பது தாண்டிய தபுச்சி, பொரித்த மீனை அடுக்கியபடியே சிரித்தாள்.

“புருஷன் வேண்டாம்னே, கம்ப்யூட்டரோட குடித்தனம் நடத்தினே. இப்ப பேயும் சேர்ந்துக்கிச்சா?”

“விளையாடாதீங்கக்கா. அவ போனது பதினாறு. நான் மிதிச்சது பதினெட்டு.”

தபுச்சியின் கை நின்றது. மூன்று பெட்டிகள் மீனில்லாமலே கடந்து போயின.

“சொல்லித் தொலையேன்டி,” என்றாள் மெதுவாக. “உயிரோட இருக்கறவங்க கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாங்க. செத்தவளைப் போய் எதுக்குக் காக்க வைக்கறே?”

மறுநாள் காலை, ஏழே முக்கால். அறையில் ஊறுகாய் வாடையோடு, சீவிய பென்சிலின் வாசனை. சிஹோவின் வீட்டில் பென்சிலே கிடையாது.

பதிவேட்டைத் திறந்து தட்டினாள். “பத்தாயிரத்தை மிதிச்சது நான்தான், உமே. தூங்கிப் போயிட்டேன். அப்புறம் சொல்லப் பயந்துட்டேன். மன்னிச்சுடுங்க.”

இனி அந்தப் பதிவேட்டில் முகம் காட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டே அனுப்பினாள்.

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் ஒரு கூரை. அதில் ஒரு ஈரக்கறை.

சிஹோ அண்ணாந்து பார்த்தாள். அதே கறை.

அடுத்து விளக்கின் கயிறு. தொழிற்சாலை கொடுத்த நாட்காட்டி. பிறகு, பின்னாலிருந்து பார்த்த ஒரு பெண்ணின் தலை. வேலைத் தொப்பி அழுத்திய தடம்கூட அப்படியே.

கடிகாரம் எட்டைத் தொட்டது. தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

படம் இறங்குவது நிற்கவில்லை.

அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னே ஒரு மெத்தை விரித்திருந்தது. போர்வை மேடாக இருந்தது. அதற்குள் யாரோ.

படத்தின் கீழே இரண்டு வரிகள்.

“உமே, களைச்சு வந்திருப்பீங்க. இனி நான் தூங்கறேன்.”

சிஹோ திரும்பினாள். தரை வெறுமையாக இருந்தது. அலமாரிக் கதவு மூடியிருந்தது.

ஓடலாம்தான். ஓடத் தெம்பிருந்தால்தானே! பதினொரு நாள் கெட்டுப்போன உறக்கமும் ஒன்பது மணி நேர நிற்றலும் கண்ணை அழுத்தின. கொஞ்சம் படுத்தால் போதும் என்றிருந்தது. அலமாரிக் கதவைத் தள்ளி, மடித்த மெத்தைக்குள் கையை நுழைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

மடிப்புக்குள் ஒருத்தி சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துத் தூக்கம்.

சிஹோ கையை மெல்ல எடுத்தாள். எழுப்பிவிடக் கூடாதே என்று, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.