காணாமற்போன கணக்குக் கட்டு

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தலைமை ஆசிரியர் வேதநாயகம் தம் அறையிலிருந்த அலமாரியைத் திறந்தார். வெள்ளிக் கோப்பை இருந்தது. வாசிப்புத் தாள்களின் கட்டு இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய கணக்குத் தாள்களின் கட்டை மட்டும் காணவில்லை.

மேல்தட்டு, கீழ்த்தட்டு, மேசையடி எல்லாம் தேடிவிட்டு, வராந்தாவில் நின்ற கதிர்காமநாதனை உள்ளே கூப்பிட்டார்.

கதிர்காமநாதன் பினாங்கு போலீஸ் கோர்ட்டில் துவிபாஷி. யாழ்ப்பாணத்துக்காரர். நீதிபதி இங்கிலீஷில் கேட்பதைத் தமிழிலும் மலாயிலும் சொல்லி, சாட்சி சொல்வதை மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. இருபது வருஷம் பிறர் பொய்யைத் தன் வாயால் சொல்லிச் சொல்லி, பொய் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. கடைத்தெருத் திருட்டுகள் இரண்டைப் போலீசுக்கு முன்பே துப்புத் துலக்கியவர். பள்ளிப் போட்டிக்கு வருஷந்தோறும் கடிகாரம் பிடித்து நேரம் பார்ப்பவரும் அவர்தான்.

அது 1935ஆம் வருஷம். டவுன் பாடசாலை, ஜெலுத்தோங் பாடசாலை, கடல் தாண்டிப் படகில் வரும் பத்து காவான் தோட்டப் பாடசாலை மூன்றும் சேர்ந்து நடத்தும் போட்டி. ஒரு நிமிஷத்தில் தடங்கலில்லாமல் எவ்வளவு வாசிக்கிறாய், விரல் மடக்காமல் எத்தனை கணக்குப் போடுகிறாய், அவ்வளவுதான். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று வேதநாயகம் விதி வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு அது தீபாவளியும் கிறிஸ்துமசும் சேர்ந்த நாள்.

"போலீசுக்குச் சொல்லிடட்டுமா?" என்றார் வேதநாயகம்.

"கொஞ்சம் பொறுங்கோ. நேற்று இந்த அறையை ஆர் பூட்டினது?"

"லெட்சுமி. கூட்டிப் பெருக்குறவ. அஞ்சு மணிக்குத் திறந்து, பெருக்கி, ஆறு மணிக்குப் பூட்டி, சாவிய எங்கிட்ட குடுத்துட்டா. காலைல நான்தான் திறந்தேன்."

"அலமாரிச் சாவி?"

வேதநாயகம் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆணியைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஆணி.

மிச்சமிருந்த கட்டைக் கதிர்காமநாதன் கையில் எடுத்தார். பழுப்புக் காகிதம், சணல் கயிறு. மேலே சிவப்பு மையில் உள்ளங்கை அகல எழுத்தில் "வாசிப்பு" என்று எழுதியிருந்தது. காணாமற்போனதும் இதே அளவுதான், இதே காகிதம்தான், அதில் "கணக்கு" என்று எழுதியிருந்தது என்றார் வேதநாயகம்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பத்து காவான் ஆசிரியர் வின்சென்ட். தம் பிள்ளைகளோடு முந்தின நாளே வந்து, பக்கத்து வகுப்பறையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர். அவருக்குப் பின்னால் அன்னமேரியும் அவள் தங்கை சவுந்தரமும். அன்னமேரி டவுன் பாடசாலையின் பெருமை. மூன்று வருஷமாக வாசிப்பில் கோப்பை அவளுக்குத்தான். பதினொரு வயது. தங்கையின் தோளில் கை போட்டபடியே வந்தாள்.

"வணக்கம் சார்" என்றாள் வின்சென்டைப் பார்த்து.

"உங்க சார் அந்தப் பக்கம் நிக்கிறாரும்மா" என்று வின்சென்ட் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

"ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி. பிரியாதுங்க" என்றார் வேதநாயகம். பிள்ளைகள் போனதும் வின்சென்டிடம் விஷயத்தைச் சொன்னார்.

வின்சென்ட் முகம் சுருங்கியது. "எங்க பிள்ளைங்க கணக்குல வீக்கு. அதனால என்னத்தான் நினைப்பீங்க."

"நான் இன்னும் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார் கதிர்காமநாதன். "இரவு வெளியிலை வந்தனீங்களோ?"

"இல்ல. நேத்து சாயங்காலம் பிள்ளைங்கள கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரும்போது மணி ஏழு. இந்த அறை பூட்டியிருந்துச்சு."

எட்டு மணிக்குக் கட்டு கிடைத்தது. அறை வாசலில் இருந்த பூந்தொட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது. தண்ணீர் ஊற்றப் போன லெட்சுமிதான் பார்த்தாள். கயிறு அவிழ்க்கப்பட்டு மறுபடி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. உள்ளே ஒரு தாளும் குறையவில்லை. மேல் தாள் மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது.

வேதநாயகத்துக்குப் பெரிய நிம்மதி. கதிர்காமநாதனுக்கு இல்லை. அவர் ஜன்னலருகே போய் நின்றார்.

"இந்த ஜன்னல் மேற்குப் பக்கமெல்லோ. பின்னேரம் வெயில் உள்ளுக்கு வருமோ?"

"கண்ணு கூசும். ஆறு மணி வரைக்கும் அலமாரி மேலதான் அடிக்கும்."

"ஒரு இரவு முழுக்கக் கணக்குத் தாள் கையிலை இருந்திருக்குது. கணக்கு வேணுமெண்டு எடுத்தவன் பார்த்து எழுதிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான், இல்லாட்டில் எரிச்சிருப்பான். இது திரும்பி வந்திருக்குது. விடியமுன்னம் வந்து மாத்தப் பார்த்து, அறை பூட்டியிருந்தபடியால் வாசலிலை வைச்சிட்டுப் போயிருக்கினம். எடுத்தவருக்கு வேண்டியிருந்தது மற்றக் கட்டு. நல்ல வெளிச்சத்திலை, இவ்வளவு பெரிய எழுத்தைப் பார்த்துக்கொண்டு, பிழையான கட்டை எடுத்திருக்கினம். எடுத்தது வாசிக்கத் தெரியாத ஆள்."

சொல்லி முடித்ததும்தான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது. வேதநாயகம் மெல்லத் திரும்பி, தண்ணீர்ச் செம்போடு நின்ற லெட்சுமியைப் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்துத் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"நேத்து சாவியும் உங்கிட்டதான் இருந்துச்சு. கண்டெடுத்ததும் நீதான்" என்றார்.

"நான் ஏன் சார் எடுக்கணும்? எடுத்தா அந்த வெள்ளிக் கோப்பைய எடுத்திருப்பேன்லா."

"யாராவது எடுத்துத் தரச் சொல்லியிருப்பாங்க."

"நேத்து பெருக்கும்போது கிணத்துக்குத் தண்ணி மொள்ளப் போனேன். அந்நேரம் கதவு திறந்துதான் கிடந்துச்சு. புருஷன் இல்லாதவ. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன், சொல்லுங்க." வேதநாயகம் கேட்கவில்லை. போட்டி முடிந்ததும் மாட்டா சாலாவுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மாட்டா சாலா என்றால் அங்கே போலீஸ் ஸ்டேஷன்.

கதிர்காமநாதன் மேசையில் உட்கார்ந்து வாசிப்புக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது எடுத்துத் தரச் சொல்லியிருந்தால், எந்தக் கட்டு என்று அடையாளம் சொல்லாமலா அனுப்பியிருப்பார்கள்? மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்றாவது சொல்லியிருப்பார்களே. எடுத்தவர் தனக்காகத்தான் எடுத்திருக்கிறார். வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வாசிப்புத் தாள் வேண்டும். அப்படி ஒருவர் இருக்க முடியுமா?

"இந்த வருஷம் வாசிப்பு இந்த அறைக்குள்ளை தனித்தனியாகவெல்லோ?" என்று கேட்டார்.

"நான்தான் கேட்டேன்" என்றார் வின்சென்ட். "எல்லாருக்கும் ஒரே பாடம். முன்ன மண்டபத்துல வரிசையா நின்னு வாசிப்பாங்க. பின்னால வர்றவங்க காதால கேட்டுக்கிட்டே வருவாங்க. அது நியாயமில்லன்னு போன மாசம் கடிதம் போட்டேன்."

"போன வருஷம் கடைசியாய் வாசிச்சது ஆர்?"

"அன்னமேரி. ஜெயிச்ச பிள்ளை கடைசியில வரட்டும்னு அவளே கேட்டா" என்றார் வேதநாயகம்.

கதிர்காமநாதன் எழுந்தார். போன வருஷப் போட்டி அவருக்கு நினைவு வந்தது. ஒன்பது பிள்ளைகள் திக்கித் திணறி வாசித்த அதே பாடத்தை, பத்தாவதாக அவள் ஆற்றொழுக்காகச் சொன்னாள். மண்டபமே கைதட்டியது. அவரும் தட்டினார். தாளை அவள் மார்போடு ஒட்டிப் பிடித்திருந்ததைப் பார்த்துப் பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

அக்காவும் தங்கையும் அங்சானா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சத்தமில்லாமல் போய் நேர் எதிரில் நின்றார். சவுந்தரம் எழுந்து நின்றாள். அன்னமேரி அவர் பக்கமே முகத்தை வைத்தபடி, "யாருடி?" என்றாள்.

"நான்தான் பிள்ளை. கதிர்காமநாதன்."

அவள் எழுந்தாள். தங்கையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப தொடக்கம்?" என்றார்.

சவுந்தரம் அழ ஆரம்பித்தாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"நீ சும்மா இரு" என்றாள் அன்னமேரி. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்துலேருந்து ஐயா. முதல்ல ராத்திரிலதான் தெரியல. அப்புறம் சின்ன எழுத்து போச்சு. இப்ப எழுத்தே தெரியல. ஆளு நிக்கிறது தெரியும். மூஞ்சி தெரியாது."

"வீட்டிலை தெரியுமோ?"

"இவளுக்கு மட்டும் தெரியும். இவ பாடத்த வாசிப்பா. ரெண்டு தடவ கேட்டா எனக்கு வந்துரும். கணக்கும் காதுல கேட்டுத்தான் போடுவேன்."

"ஏன் ஒருதருக்கும் சொல்லேல்லை?"

"கண்ணு தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்குன்னு நிறுத்திருவாங்க. நேத்து நல்லா வெளிச்சமா இருந்துச்சு, தெரியும்னு நினைச்சேன். ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருந்துச்சு. வீட்டுக்குப் போய் இவ பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் கணக்குன்னா."

"இவளை ஏன் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

"இவளும் திருடின மாதிரி ஆயிருமே ஐயா."

கதிர்காமநாதன் தூரத்தில் தெரிந்த வராந்தாவைப் பார்த்தார். லெட்சுமி படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். சொல்லாமல் விட்டால் அவளுக்கு மாட்டா சாலா. சொன்னால் இந்தப் பிள்ளைக்கு இன்றோடு எல்லாம் முடிந்தது. மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்று மரத்தடியிலேயே நின்று யோசித்துப் பார்த்தார். இல்லை.

ஒன்பது மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"எடுத்தது அன்னமேரி."

வேதநாயகம் சிரிக்கப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாத ஆளுன்னு நீங்கதானே சொன்னீங்க. அவ மூணு வருஷமா முதல் பரிசு வாங்கினவ."

"போன வருஷம் அவள் வாசிக்கேல்லை. கேட்டதைச் சொன்னவள். காலமை வின்சென்டை நீங்களெண்டு நினைச்சுக் கும்பிட்டாள். நாங்கள் சிரிச்சனாங்கள். தங்கச்சியின்ரை தோளிலை கை வைச்சு வந்தாள். பாசமெண்டு நினைச்சனாங்கள். அவளின்ரை வேகத்தைப் பார்த்தனாங்களே தவிர, கண்ணைப் பார்க்கேல்லை. என்ரை கையிலைதான் கடிகாரம் இருந்தது. நானும் பார்க்கேல்லை."

வின்சென்ட் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் அந்தக் கடிதத்த எழுதாம இருந்திருக்கலாம்" என்றார்.

வேதநாயகம் வெளியே போய் லெட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். படகில் வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் போட்டி நடந்தது. அன்னமேரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளை முடிக்கும்போதும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கதிர்காமநாதன் கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு, அவளையும் அவள் அப்பா செபாஸ்டியனையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். செபாஸ்டியன் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். வெள்ளைக்கார டாக்டர் ஜன்னலை மூடிவிட்டு, சின்ன விளக்கை வைத்து இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டே இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் சொன்னார். கண்ணின் நரம்பு வாடிவிட்டது, மருந்து இல்லை. மிச்சமிருப்பதும் ஒரு வருஷத்துக்குள் போய்விடும்.

செபாஸ்டியன் கதிர்காமநாதனின் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லுறார்" என்று ஆரம்பித்தார் கதிர்காமநாதன். "பிள்ளைக்கு நல்ல சாப்பாடு குடுக்க வேணுமாம். ஈரல், கீரை, முட்டை. வெயிலிலை விடக் கூடாதாம். ஆறு மாதம் கழிச்சு இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறார். சிங்கப்பூரிலை இன்னும் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். அவரிட்டையும் ஒருக்கால் காட்டிப் பார்க்கலாமெண்டு…"

"ஐயா" என்றாள் அன்னமேரி. "அவரு கொஞ்சமாத்தானே பேசினாரு. நீங்க நிறைய சொல்றீங்க."

கதிர்காமநாதன் நிறுத்தினார்.

செபாஸ்டியன் மகளைப் பார்த்தார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அவரு சொன்னத மட்டும் சொல்லுங்க ஐயா" என்றார்.

கதிர்காமநாதன் சொன்னார்.