மூன்றாவது கலன்

1971 மார்கழி. மழை விட்டபாடில்லை. ஓய்வுபெற்ற மரண விசாரணை அதிகாரி அழகரத்தினத்தின் வீட்டுக்கு மார்கிறட் ரீச்சர் நனைந்தபடியே வந்தாள். அவள் கணவன் வின்சன்ற் வாவியில் தோணி கவிழ்ந்து இறந்து பத்து நாளாகியிருந்தது.

"அவர் வளர்த்த பவளமெல்லாம் சாகுது ஐயா. அதையாவது காப்பாத்தித் தாங்க."

அழகரத்தினம் தன் நண்பர் கொம்பவுண்டர் வினாயகமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு புளியந்தீவிலிருந்த அவள் வீட்டுக்குப் போனார். கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. கல்குடாக் கடலிலிருந்து வின்சன்ற் கொண்டுவந்த மென்பவளங்கள் விரல் விரித்தாற்போல் நின்றவையாம். இப்போது சுருங்கி, வெண்சளி படர்ந்து கிடந்தன.

"ஆரோ விசம் கலந்திருக்காங்க!" என்றார் வினாயகமூர்த்தி.

"விசமெண்டா மீனும் செத்திருக்கும். அதுகள் நல்லா ஓடித்திரியுதே. எப்ப இருந்து இப்படி, பிள்ளை?"

"அவர் தவறிப்போன சனிக்கிழமைக்கு மறுநாளிலிருந்து. சனிக்குச் சனி என்ர தம்பி பற்றிக்தான் வேனில கல்குடாவுக்குப் போய் மூண்டு கலன் கடல்தண்ணி கொண்டுவாற. அண்டைக்கும் அஞ்சு மணிக்குக் கொண்டுவந்தான். தொட்டியில பாதிய இறைச்சிட்டு ரெண்டை ஊத்தினன். மத்தது குசினிக்குள்ள கிடக்கு."

"அண்டைக்கு வின்சன்ற் ஏதும் சொன்னாரா?"

"கல்குடாவில வெடி போட்டு மீன் பிடிக்கிறவன் ஆரெண்டு தெரிஞ்சிட்டாம். திங்கக்கிழமை பொலிசுக்குப் போறன் எண்டார். பேர் சொல்லல்ல."

மூன்றாவது கலனிலிருந்து அழகரத்தினம் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டார். மறுநாள் வினாயகமூர்த்தி பஸ் ஏறிப் போய்க் கல்குடாக் கடலில் இன்னொரு போத்தல் அள்ளி வந்தார். இரண்டையும் அடுப்பில் வற்றவைத்து, மருந்துத் தராசில் நிறுத்தார்கள். கடல்நீரில் ஒரு அவுன்சுக்குக் கிட்ட உப்பு. கலன் நீரில் கால் அவுன்ஸ். அதிலும் பாதி சேறு.

அன்று பின்னேரம் அவர்கள் மார்கிறட் வீட்டுக்குப் போனபோது பற்றிக்கும் அங்கே வந்திருந்தான்.

"இது மழைவெள்ளம் கலந்து உப்புக் குறைஞ்ச வாவித்தண்ணி," என்றார் அழகரத்தினம். "மீன் இதைத் தாங்கும். பவளம் தாங்காது. இனி அது பிழைக்காது, பிள்ளை."

பற்றிக் தலையைச் சொறிந்தான். "மழையில அவ்வளவு தூரம் போகப் பஞ்சிப்பட்டு வாவியில அள்ளினன். அது குற்றமா ஐயா?"

"இல்ல. ஆனா மரண விசாரணைப் பதிவை வாசிச்சன். அதில என்ன சத்தியம் பண்ணினாய்? பகல் பன்னிரண்டிலிருந்து கல்குடாவில நிண்டனெண்டு. அதாலதான் உன்னை ஒருத்தரும் மேல கேக்கல்ல. வெறுங்கலனோட வந்தா அக்கா விசாரிப்பா எண்டு வாவியிலயே நிரப்பினாய். மூண்டு மணிக்கு அத்தான் தண்ணியில தாழ்ந்த நேரம், தம்பி, நீ வாவியில நிண்டிருக்கிறாய்."

மார்கிறட் தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"வெடி போட்டது நீயா?"

"தோணியில வச்சு எவ்வளவோ கெஞ்சினன் அக்கா. கேக்கல்ல. பொலிசுக்குச் சொல்லுறதுதான் எண்டார். தண்ணிக்குள்ள தள்ளிப்போட்டன். தோணியக் கவிழ்த்தது பிறகுதான். அவருக்கு நீந்தத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். தோணி வலிக்கிற சவள் என்ர கையிலதான் இருந்த. நீட்டல்ல."

வினாயகமூர்த்தி எழுந்து கதவடியில் போய் நின்றார். பற்றிக் ஓட முயலவில்லை.

மார்கிறட் குடையை எடுத்து வினாயகமூர்த்தியிடம் நீட்டினாள்.

"பொலிசுக்கு நீங்க போங்க," என்றாள். "எங்கட அம்மாவுக்கு நான் போய்ச் சொல்லுறன்."