நாளைக்கு அழிக்க வேண்டிய வரி

போன் அடித்துக்கொண்டே இருந்தது...

யாரும் எடுக்கவில்லை!

காலை பதினொரு மணி. நகைக்கடையில் கொள்ளை. மண்டை உடைந்த காவலாளி, அவசர உதவி எண்ணுக்கு மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் வெறும் மணிச் சத்தம்தான். இப்போது ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறார்.

சீனியர் இன்ஜினியர் அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வந்தபோது, இன்ஸ்பெக்டர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பத்தே முக்காலுக்கு முதல் சர்வரை நிறுத்தினது நீதானே?"

"பராமரிப்புக்காக சார்," என்றாள் டெக்னீஷியன் பெண். "ஒண்ணு நின்னா, வர்ற போன் காலை இன்னொண்ணு வாங்கிக்கும். அதுக்குத்தானே ஜோடியா வெச்சிருக்கோம்! விஷயம் தெரிஞ்சதுமே முதல் சர்வரை ஓட விட்டுட்டேன்."

"ரெண்டாவது ஏன் வாங்கலை? கொள்ளைக்காரங்களுக்கும் உனக்கும் என்ன டீலிங்?"

"நான் பார்க்கறேன் சார்," என்றார் இன்ஜினியர்.

இரண்டாவது சர்வரின் முன் உட்கார்ந்தார்.

காவலாளியின் போன் கால் வந்திருக்கிறது. அதை அனுப்ப, சர்வர் ஆபரேட்டரின் மெஷினைப் பெயர் சொல்லித் தேடியிருக்கிறது. பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ்.ஸில் எல்லாம் சரி. ஆனால் அங்கே கேட்பதற்கு முன், சர்வர் தன்னிடமுள்ள சொந்த முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும்.

அதில் கையால் அடித்த ஒரு வரி. போன மாதம் கழற்றிப் போட்ட பழைய மெஷினின் முகவரி! இல்லாத மெஷினுக்குத்தான் மணி அடித்திருக்கிறது.

வரியின் ஓரத்தில் ஓர் இனிஷியல்... அவருடையது!

மூன்று வருடங்களுக்கு முன், ஏதோ சோதனைக்காக அடித்தது. மறந்தே போனார்.

வரியை அழித்தார். அந்த சர்வர் வழியாகச் சோதனைக்கு ஒரு போன் போட்டார்.

"அவசர உதவி, சொல்லுங்க!" ஆபரேட்டரின் குரல் கணீரென்று வந்தது.

"என்ன கோளாறு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெ... தெரியலை சார். தானா சரியாயிடுச்சு."

சொல்லும்போதே நாக்கு கூசியது.

"அப்ப இவ வேலைதான். நடம்மா ஸ்டேஷனுக்கு!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டப் போனாள். இன்ஜினியர் கூனிக் குறுகிப் போனார். சீ, நானும் ஒரு மனுஷனா!

"சார், நில்லுங்க! தப்பு என்னோடது! அந்த வரியை எழுதினதும் நான்... இப்ப அழிச்சதும் நான்!"

இன்ஸ்பெக்டர் அசரவில்லை. செல்போனை நீட்டினார்.

திரையில் அந்த வரி. இனிஷியலோடு!

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பொண்ணு படம் எடுத்துக் காட்டிட்டா. 'அவரே ஒத்துக்குவார் சார், கொஞ்சம் பொறுங்க'ன்னு கெஞ்சினா. அதான் ரெண்டு பேரும் நடிச்சோம்."

இன்ஜினியருக்கு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் தைரியம் இல்லை.

"காவலாளி கண்ணு முழிச்சுட்டாராம் சார்," என்றாள் அவள் மெதுவாக. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பெரிதாக்கினார்.

"இனிஷியலுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? 'தற்காலிகம். நாளைக்கு அழிக்கணும்.' பரவாயில்லை சார்... மூணு வருஷம் லேட்டானாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க!"