போட்டுட்டுச் சொல்லுங்க மேடம்!

பீப்... பீப்... பீ...ப்!

ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டர் அலறியது. ஆக்ஸிஜன் 97-லிருந்து 84. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 71!

மேஜையில் மயங்கிக் கிடந்தவள், ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. மார்பில் கட்டி. ஸ்டோரில் போதை ஊசிகள் காணாமல் போவதை மோப்பம் பிடித்தவள். "ஆபரேஷன் முடியட்டும், கேமராவைத் திறந்து ஆளைப் பிடிக்கிறேன்" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தாள். பாஸ்வேர்டு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்!

"டாக்டர்! நம்பர் இறங்குது!" நர்ஸ் பதறினாள்.

மயக்க டாக்டர் கொட்டாவி விட்டார்.

"எதுக்கும்மா கத்தறே? கட்டி பரவியிருக்கான்னு பார்க்க மேடம் இப்பத்தானே நீலச் சாயம் போட்டாங்க? அது ரத்தத்துல கலந்தா விரல் கிளிப்போட வெளிச்சத்தைக் குழப்பிடும். மெஷின் பொய் சொல்லும். கொஞ்ச நேரத்துல தானா ஏறிடும்."

உண்மைதான். அதனால்தான் சாயம் போட்டதும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது அந்தத் தியேட்டரின் வழக்கம்.

அறுவை செய்யும் டாக்டரம்மாவுக்கோ வாய் முந்தும், கை பிந்தும். "சாயம் போட்டாச்சு!" என்பார். அப்புறம்தான் ஊசியையே குத்துவார். இன்றும் அப்படித்தான் சொல்லியிருந்தார். "போட்டுட்டுச் சொல்லுங்க மேடம்!" என்று மயக்க டாக்டர் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வார்.

62!

டாக்டரம்மாவின் முகம் வெளிறியது.

"டாக்டர்... சாயம்தான் காரணமா?"

"சத்தியமா மேடம்!"

டாக்டரம்மா கையைத் தூக்கிக் காட்டினார். சிரிஞ்சு நிறைய நீலம்... ஒரு சொட்டுகூடக் குறையவில்லை!

"ஊசி அடைச்சிக்கிச்சு... நான் இன்னும் போடவே இல்லையே!"

மயக்க டாக்டரின் அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது.

நர்ஸ் பாய்ந்து துணியை விலக்கினாள். அடியில், ஆக்ஸிஜன் போகும் குழாயை ஒரு இடுக்கி இறுக்கிக் கவ்விக்கொண்டிருந்தது! பிடுங்கி எறிந்தாள்.

75... 90... 98!

அப்பாடா!

அக்கா கண் விழித்தாள். பாஸ்வேர்டு வந்தது. கேமராவில் ஊசிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார் மயக்க டாக்டர்.

"டாக்டர்... உங்களை அரெஸ்ட் பண்ணியாச்சு!" என்றார் இன்ஸ்பெக்டர், விலங்கை எங்கே வைத்தோம் என்று பாக்கெட் பாக்கெட்டாகத் தேடியபடி.

டாக்டரம்மா குறுக்கிட்டார்.

"மாட்டிட்டுச் சொல்லுங்க சார்! இல்லேன்னா டாக்டருக்குக் கோவம் வரும்."