கொசு உட்காரும் இடம்

வாடகைக்கு வந்த அந்த வீட்டில் ஹால் மட்டும்தான் தாராளம். மற்ற அறைகளில் ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஹாலிலோ சோபா, பீரோ, டிவி எல்லாம் போட்ட பிறகும் நடுவில் வெறும் தரை கிடந்தது. பழைய சிமெண்டுத் தரை. வெயிலிலும் ஜில்லென்றிருக்கும். அக்காவுக்குச் சாமான் இறக்கிக் கொடுக்க வந்த தம்பிக்காரன் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஹால் இல்லை, தியேட்டர் என்றான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் தியேட்டர்தான்.

அக்காக்காரிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிறவள். லேசில் கை நடுங்காது. புருஷன் போன கதை இங்கே நமக்கு வேண்டாம், அவளே அதைப் பேசுவதில்லை. இருப்பது ஒரு மகள். வயது பதினொன்று. எந்நேரமும் காதருகே பாடிக்கொண்டே திரிந்ததால் மாமன்காரன் வைத்த பெயர் கொசு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்து கொசு பிழைத்ததே பெரிசு. காது இரண்டும் போயிற்று. பெயர் மட்டும் மிச்சம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பேசவும் பேசுவாள், ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாக வரும். பள்ளிக்கூடத்தில் எவளோ சிரித்திருக்கிறாள். அதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் வந்து உட்காருவதும் நின்றது.

அதுதான் தாயைத் தின்றது. பழையபடி ஒரே ஒரு தரம் மடியில் வந்து விழுந்து தொணதொணத்தால் போதும், அதற்காக எந்தச் சனியனை வேண்டுமானாலும் வீட்டுக்குள் விடுவேன் என்று தம்பியிடம் சொல்லி அழுதாள்.

சொல்லியிருக்கக் கூடாது.

தம்பி யோசனை சொன்னான். "நல்ல சப்வூஃபர் பெட்டி ஒண்ணு வாங்கிப் போடுக்கா. பேஸ்ங்கற கனத்த சத்தம் காதுல கேக்கறது இல்ல, உடம்புல கேக்கறது. கொசு தரையில உக்காந்தா போதும், பாட்டு வரும்."

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வழுக்கைத் தலையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக, நிதானமான மனுஷர். படத்துக்கா பாட்டுக்கா என்றுதான் முதலில் கேட்டார். தம்பி படத்துக்கு என்று ஒற்றைக் காலில் நின்றான். குண்டு வெடித்தால் ஜன்னல் கதவு ஆட வேண்டுமாம். மேலே ஓட்டை வைத்த பெரிய பெட்டி ஒன்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஓட்டை வைத்ததில் காற்று வெளியே வரும், அதிர்வு பெரிசாக இருக்கும், படத்துக்கு அது ஜோர். பாட்டுக்கு அது வழவழா கொழகொழா. முழுக்க மூடிய பெட்டி அடக்கமாக இருக்கும், ஆனால் தாளம் விழும் இடத்தில் விழுந்து, நிற்கும் இடத்தில் நிற்கும்.

கொசு யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய பெட்டிக்கு முகத்தைச் சுளித்தாள். "நிறுத்தினப்புறமும் போயிட்டே இருக்கு" என்றாள் அந்தத் தட்டைக் குரலில். மூடிய பெட்டிக்கு வந்ததும் உள்ளங்காலில் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தாள்.

"இது நிக்கச் சொன்னா நிக்குது."

இரண்டு வருஷம் கழித்துச் சிரித்த சிரிப்பு. அதற்கு மேல் தம்பியின் ஜன்னல் கதவை யார் கேட்டார்கள்?

மறுநாள் காலை கடைக்காரரே பெட்டியோடு வந்தார். நேரே மூலையில் வைப்பார் என்று பார்த்தால், தூக்கிக்கொண்டு போய் சோபாவில் கொசு உட்காரும் இடத்தில் வைத்தார். பெட்டிக்கு இடம் தேட இதுதான் வழியாம். நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை உட்காரவைத்துவிட்டு, நாம் பெட்டிபோல ஓரமெல்லாம் தவழ வேண்டும். எங்கே நமக்கு நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நம் இடத்தில் அது நன்றாகக் கேட்கும். இடம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

கடைக்காரர் ஒரு கனத்த ஒலியை ஓடவிட்டார். ஊம்ம்ம் என்று அறையே முனக ஆரம்பித்தது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காக்காரி தவழ்ந்தாள். தம்பி பின்னாலேயே தவழ்ந்து யானை என்றான். கொசுவும் சேர்ந்துகொண்டாள். ஜன்னலடியில் ஒலி தேய்ந்தது. பீரோவின் ஓரத்தில் ஒன்றுமே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்த மூலைக்கு வந்தபோது பல்லெல்லாம் கூசுகிற அளவுக்குத் திரண்டு நின்றது.

தாய் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள்.

அடியிலிருந்து இன்னொரு கை அதே இடத்தில் ஊன்றி, அவளை மேலே தள்ளியது.

வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அதிர்வு இல்லை அது. விரல் விரலாக அழுத்திய தள்ளல். கிட்டே வராதே என்கிற தள்ளல். இந்த மூலை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கொசு அங்கே குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைத் தட்டி, "இங்க, இங்க" என்று கூவினாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எந்தத் தாயால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? பெட்டி அந்த மூலையில் உட்கார்ந்தது.

ஒரு வாரம் வீடு வீடாக இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் கொசு பாட்டைப் போட்டுவிட்டு வெறுந்தரையில் மல்லாந்துவிடுவாள். தாளத்துக்கு விரல் ஆடும். மாமன் வந்தால் சண்டைப் படம். யார் யாரை அடித்தார்கள் என்று வாய் ஓயாமல் சொன்னாள். ஆனால் எல்லாம் மாமனிடம்தான். தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நகர்ந்துகொள்வாள்.

பக்கத்தில் போனால் இவளுக்கும் ஏதோ செய்தது. மகளுக்கு அருகே உட்கார்ந்தால் நெஞ்சு தடம் புரளும்; ஒரு துடிப்பு வரவேண்டிய இடத்தில் வராமல், வேறு எதற்கோ காத்திருந்து, அதோடு சேர்ந்து வரும். வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் தன் ரத்தத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் தூக்கம் போதவில்லை என்றார். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் அவளுக்கு விடுமுறை. கொசு பள்ளிக்கூடத்தில். பளீரென்ற பதினொரு மணி வெயில் ஹாலில் அடித்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தோடு மூலைக்குப் போனவளின் காலடியில் தும் என்றது.

பாட்டு ஓடவில்லை. டிவி ஓடவில்லை.

தும்.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

தும்.

பெட்டியின் முகத்துணியைக் கழற்றினாள். ஈரத்துணி மூலையில் மறந்து கிடந்ததைப்போல ஒரு நாற்றம் வந்தது. உள்ளே கறுப்பு வட்டம், கோன் என்பார்கள், மெல்ல வெளியே வந்தது. நின்றது. உள்ளே போனது. தூங்குகிறவர் மார்புபோல அவசரமில்லாமல் ஏறி இறங்கியது. பயமாகத்தான் இருந்தது; அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

அது எதிர்த்துத் தள்ளியது.

முழுப் பலத்தோடு, மணிக்கட்டு முறுக்கிக்கொள்ள, அவளை மல்லாக்கத் தள்ளிவிட்டது.

கடைக்காரருக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னாள். பெட்டியைத் தானே தூக்கி வாசலில் வைத்தாள். வந்தவர் திருகாணி கழற்றிப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையுமில்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்றார். சரி, உள்ளே வந்து அந்த மூலையில் கை வைத்துப் பாருங்கள் என்றாள். அன்றைக்குப்போல மண்டிபோட்டுத் தவழ்ந்து போனார். வெறும் மூலை. வெறும் தரை. கையை ஊன்றினார்.

ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. எழுந்தபோது அவர் வழுக்கையில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

"மேடம், இது பெட்டியில இல்ல."

"பின்ன?"

அவர் சோபாவைப் பார்த்தார். கொசு உட்காரும் இடம் சற்றே அமுங்கிக் கிடந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு பொண்ணு இடத்த காலி பண்ணிட்டு மூலை மூலையா தேடினோம் இல்ல? தேடறது நாம மட்டும்தான்னு நினைச்சுட்டேன். இங்க இருந்ததுக்கும் உக்கார ஒரு இடம் வேண்டியிருந்திருக்கு."

திருப்புளியைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போனார். கூப்பிட்டும் திரும்பவில்லை.

சாயங்காலம் கொசு வந்து வாசலில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். ஆர்ப்பாட்டம் பண்ணுவாள் என்று தாய் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தாள். கொசு ஹாலுக்குள் போய் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள்.

விரல் தாளம் போட்டது.

நான்கே நாளில் தாய் வீட்டைக் காலி செய்தாள். வீட்டுக்காரர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, ஹால் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்தினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்த ஆளைச் செருப்பால் அடிக்கலாமா என்றிருந்தது. அடித்திருக்கலாம்.

புது வீடு மூன்றாவது மாடி. ஹால் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பளபளவென்று டைல்ஸ். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம், கீழ்வீட்டில் மிக்ஸி, பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அவளுக்கு எல்லாம் தேவகானமாக இருந்தது. பெட்டியைக் கடைக்கே அனுப்பியாகிவிட்டது. சோபாவையும் விட்டுவிட்டு வந்தாள். மூலை மூலையாகப் போய்க் கையை ஊன்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தரை தரையாக இருந்தது. நெஞ்சு ஒழுங்காக அடித்தது. சாமான் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து, சின்னப் பெண் மாதிரி விசும்பி அழுதாள். தம்பி டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போயிருந்தான்.

கொசு உள்ளறையிலிருந்து வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நடந்து வந்து, தாயின் மடியில் தொப்பென்று விழுந்தாள்.

தாய்க்கு மூச்சே நின்றுவிட்டது. இரண்டு வருஷம். இரண்டு கையாலும் வாரியெடுத்து, மகளின் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். என் செல்லமே, என் கண்ணே என்று என்னென்னவோ சொன்னாள். கேட்காது என்று தெரிந்தும் காதிலேயே சொன்னாள். தலையில் முகம் புதைத்தாள். எண்ணெய் வாசனைக்கு அடியில் ஈரத்துணி நாற்றம் லேசாக அடித்தது.

தும்.

மகளின் முதுகுக்குள்ளிருந்து வந்தது.

அவள் கையை விடவில்லை. விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள்.

தும்.

அவளுடைய நெஞ்சில் ஒரு துடிப்பு வராமல் நின்று, அதற்காகக் காத்திருந்தது. அந்தச் சின்ன முதுகிலிருந்து, விரல் விரலாக, ஒரு கை அவள் நெஞ்சை அழுத்தித் தள்ள ஆரம்பித்தது. வலித்தது. விரல் நுனியெல்லாம் மரத்தது.

கொசு மடியிலேயே திரும்பி, அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கோபமில்லை, பயமில்லை.

"எங்கள விட்டு நீ எப்பம்மா போவே?" என்றாள்.

அந்தக் குரலில் ஏற்றமும் இறக்கமும் அழகாக வந்திருந்தன.